விதான சௌதாவின் நீளம் எவ்வளவு? அரசுக் கட்டிடங்களின் மூல வரைபடங்களும் வரலாற்றெழுத்தும்

பெங்களூரில் கப்பன் பூங்காவை ஒட்டிச் செல்லும் அம்பேத்கர் வீதியின் இருபுறமும் இரண்டு அரசுக் கட்டிடங்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. ஒன்று செந்நிறம் பூசப்பட்ட அட்டாரா கச்சேரி. 1864இல் தொடங்கி 1868இல் கட்டி முடிக்கப்பட்ட அது இன்று கர்நாடக உயர் நீதிமன்றம். மற்றொன்று கருங்கல்லால் எழுந்த விதான சௌதா. 1951இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1956இல் நிறைவுற்ற அது மாநிலச் சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் இருப்பிடம். இவ்விரு கட்டிடங்களும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோரால் படமெடுக்கப்படுகின்றன. ஆயினும் முதற்கட்டிடத்தை வடிவமைத்தவர் யார், இரண்டாம் கட்டிடத்தின் நீளம் எவ்வளவு என்னும் இரண்டு எளிய வினாக்களுக்கு அச்சிலும் இணையத்திலும் ஒன்றுக்கொன்று முரணான விடைகளே உலவுகின்றன. எத்தனை புகைப்படங்களைச் சேர்த்தாலும் இம்முரண் தீராது. இத்தகைய வினாக்களுக்குரிய முதன்மைச் சான்று கட்டிடத்தின் மூல வரைபடங்கள்.

அரசுக் கட்டிடங்களின் மூல வரைபடங்களைச் சட்டமிட்டு மாட்டத்தக்க அழகுப் பொருள்களாகக் கருதும் வழக்கம் நம்மிடையே உள்ளது. பொறியியல் அலுவலகங்களோ அவற்றைப் பணி முடிந்ததும் பயன் தீர்ந்த தாள்களாகக் கருதுகின்றன. இரண்டுமே குறைபட்ட பார்வைகள். ஓர் அரசுக் கட்டிடம் மக்கள் பணத்தில் எழுகிறது. அதில் என்ன கட்டத் தீர்மானிக்கப்பட்டது, எப்போது அத்தீர்மானம் மாறியது, மாற்றத்துக்கு ஒப்பமிட்டவர் யார் என்பவற்றுக்கான நேர்ச்சான்று வரைபடத் தொகுதியே. கோப்பிலுள்ள கடிதம் ஒரு முடிவைச் சொல்லும்; வரைபடம் அம்முடிவின் உருவத்தைக் காட்டும்.

அடியும் மீட்டரும்

முதலில் நீளம். விதான சௌதா வடக்கு தெற்காக 700 அடியும் கிழக்கு மேற்காக 350 அடியும் கொண்ட செவ்வகம் என்பது ஒரு கூற்று. அது 2,300 அடிக்கு 1,150 அடி பரப்பில் விரிந்தது என்பது இன்னொரு கூற்று. பின்னது பொது அறிவு நூல்களிலும் பயணக் குறிப்புகளிலும் கலைக்களஞ்சியப் பதிவுகளிலும் இடம்பெற்று, ஒன்றிலிருந்து ஒன்றாகப் படியெடுக்கப்பட்டு வருகிறது.

இவற்றுள் எது பொருந்தும் என்பதை எளிய கணக்கே காட்டிவிடும். 2,300 அடியை 1,150 அடியால் பெருக்கினால் 26,45,000 சதுர அடி வரும். ஆனால் எல்லாத் தளங்களையும் சேர்த்து விதான சௌதாவின் மொத்தக் கட்டுமானப் பரப்பாகப் பரவலாகக் குறிப்பிடப்படுவது 5,05,505 சதுர அடி. தரையில் மட்டும் இருபத்தாறு லட்சம் சதுர அடியை அடைக்கும் கட்டிடத்தின் அனைத்துத் தளங்களும் சேர்ந்து ஐந்து லட்சம் சதுர அடியாக இருக்க இயலாது. 700 அடியை 350 அடியால் பெருக்கினால் 2,45,000 சதுர அடி கிடைக்கிறது. நடுவிலுள்ள திறந்த முற்றங்களைக் கழித்து, தளங்களைக் கூட்டிப் பார்த்தால் இது மொத்தப் பரப்போடு இசைந்து போகிறது.

பிழை நுழைந்த வழியையும் எண்களே காட்டிக்கொடுக்கின்றன. 700 மீட்டர் ஏறத்தாழ 2,297 அடி; 350 மீட்டர் ஏறத்தாழ 1,148 அடி. எங்கோ ஓரிடத்தில் 700 அடி என்பது 700 மீட்டர் என மாறி, அந்த மீட்டர் மறுபடியும் அடியாக்கப்பட்டு, 2,300க்கு 1,150 என முழுமையாக்கப்பட்டிருக்கிறது. கட்டிடம் நிறைவுற்ற அதே 1956ஆம் ஆண்டில்தான் இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன் வரையப்பட்ட அரசு வரைபடங்களும் மதிப்பீடுகளும் அடி, அங்குலக் கணக்கில் அமைந்தவை. அவற்றை இன்றைய அளவைக்குக் கொண்டுவருவோர் மூலத்தைப் பாராமல் படியை மட்டும் பார்க்கும்போது, ஒரு கட்டிடம் தாளில் மூன்று மடங்குக்கும் மேல் நீண்டுவிடுகிறது.

நீளம் தவறானால் என்ன என்று தோன்றலாம். மரபுக் கட்டிடமொன்றின் பாதுகாப்புச் செலவு, தீயணைப்பு ஏற்பாடு, கல் மாற்றும் பணியின் மதிப்பீடு, பிற சட்டமன்றக் கட்டிடங்களோடு ஒப்பிடும் ஆய்வு ஆகிய அனைத்தும் அளவிலிருந்தே தொடங்குகின்றன. இந்தியாவின் மிகப் பெரிய சட்டமன்றக் கட்டிடம் என்னும் பெருமையை எண்ணால் நிறுவ முற்படுவோர்க்கும் சரியான எண் வேண்டும்.

வடிவமைத்தவர் என்பவர் யார்?

இரண்டாவது வினா அட்டாரா கச்சேரியைப் பற்றியது. பதினெட்டு என்னும் பொருளுடைய இந்துஸ்தானிச் சொல்லும், தமிழ்நாட்டிலும் நெடுங்காலம் அலுவலகம் என்னும் பொருளில் வழங்கிய கச்சேரி என்னும் சொல்லும் சேர்ந்தமைந்த பெயர் இது. மைசூர் நாடு பிரிட்டிஷ் ஆணையர்களின் நேரடி ஆட்சியில் இருந்த 1831 முதல் 1881 வரையான காலத்தில், தலைமை அலுவலகங்கள் முதலில் பெங்களூர்க் கோட்டையிலுள்ள திப்பு சுல்தானின் அரண்மனையில் இயங்கின. இடம் போதாமையால் புதிய கட்டிடம் எழுந்தது. 1868இல் பதினெட்டுத் துறைகள் அங்கே குடிபுகுந்தன.

இதை உருவாக்கியவர் யார்? மைசூரின் தலைமைப் பொறியாளராக விளங்கிய ரிச்சர்ட் சாங்கியின் பெயரைச் சில நூல்கள் தருகின்றன. ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியாரின் பெயரை வேறு சில தருகின்றன. பின்னவர் பெங்களூர்த் தமிழர் வரலாற்றில் நன்கறியப்பட்டவர். வணிகராகவும் கட்டட ஒப்பந்தக்காரராகவும் வளர்ந்தவர். 1873இல் தண்டுப் பகுதியில் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய கல்வி நிறுவனங்களாகத் தொடர்கிறது. ஒருவர் பெயரை ஏற்று மற்றவர் பெயரை நீக்குவது இங்கு முறையாகாது. வடிவமைத்தல், மதிப்பீடு செய்தல், மேற்பார்வையிடல், கட்டுதல் என ஒரு கட்டிடத்துக்குப் பல கர்த்தாக்கள் உண்டு. கட்டினார் என்னும் ஒரே வினைச்சொல் இத்தனை பணிகளையும் விழுங்கிவிடுவதால்தான் குழப்பம் எழுகிறது.

வரைபடத்தின் கீழ் மூலையில் அமையும் கட்டம் இக்குழப்பத்தைத் தீர்க்க உதவும். வரைந்தவர், படியெடுத்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று தனித்தனி ஒப்பங்களுக்கு அதில் இடம் விடுவது பொதுப்பணித் துறைகளின் வழக்கம். படத்தின் எண்ணும், அளவுவிகிதமும், தேதியும், திருத்தங்களின் வரிசையும் அங்கேயே குறிக்கப்படும். தலைமைப் பொறியாளரின் பெயர் மட்டும் வரலாற்றில் நிலைக்க, மேசையில் குனிந்து வரைந்த உள்நாட்டு வரைவாளரின் பெயர் மறைந்துபோவது காலனியக் கட்டிட வரலாறு முழுவதும் காணப்படும் நிலை. அந்த வரைவாளருக்கு வரலாற்றில் எஞ்சியிருக்கும் ஒரே கையொப்பம் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் உள்ளதாகவே இருக்கும்.

ஒரு வரைபடத்தின் வலிமைக்குச் சென்னையும் சான்று தருகிறது. மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக செனட் மாளிகைக்கும் சென்னை அரசு 1864இல் வடிவமைப்புகளைக் கோரியபோது, அப்போது வங்காளத்தில் பணியாற்றிய ராபர்ட் சிஸ்ஹோம் அனுப்பிய வரைபடங்கள் தேர்வு பெற்றன. அவர் சென்னைக்கு வந்ததும், கடற்கரைச் சாலையின் தோற்றம் மாறியதும் அதன் விளைவு. செங்கல் ஒன்று அடுக்கப்படும் முன்பே ஒரு நகரத்தின் முகத்தைத் தாளில் வரைந்த கோடுகள் தீர்மானித்தன.

1951இன் திட்டமும் 1952இன் திட்டமும்

விதான சௌதாவுக்கு வருவோம். அதன் வரலாற்றில் வரைபடத்தின் இன்றியமையாமை மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. ஏனெனில் அக்கட்டிடத்துக்குக் குறைந்தது இரண்டு திட்டங்கள் இருந்தன.

1951 ஜூலை 13 அன்று பிரதமர் ஜவாகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அப்போது மைசூரின் முதலமைச்சர் கே. சி. ரெட்டி. நடைமுறைத் தேவைகளை முதன்மையாகக் கொண்ட எளிமையான கட்டிடமே அவருடைய அரசு கருதியது. 1952 மார்ச் 30 அன்று கெங்கல் அனுமந்தையா முதலமைச்சரானார். அவர் அத்திட்டத்தை மாற்றினார். அளவு பெருகியது; பாணி மாறியது; சட்டமன்றத்துக்கும் செயலகத்துக்குமான அலுவலகக் கட்டிடம் ஒரு நினைவுச்சின்னத்தின் உருவத்தைப் பெற்றது. அரசின் கட்டிடக் கலைஞராகவும் பொறியாளராகவும் இருந்த பி. ஆர். மாணிக்கத்தின் தலைமையில் புதிய வடிவம் உருப்பெற்றது.

இம்மாற்றத்துக்கான காரணமாக ஒரு செய்தி பரவலாக வழங்குகிறது. பெங்களூருக்கு வந்த ரஷ்யத் தூதுக்குழுவினர் நகரின் ஐரோப்பியப் பாணிக் கட்டிடங்களைப் பார்த்துவிட்டு, உங்களுக்கென்று சொந்தக் கட்டிடக் கலை இல்லையா என வினவினர் என்றும், அவ்வினாவே தம்மை உறுத்தியது என்றும் அனுமந்தையா கூறியதாக அச்செய்தி சொல்லும். சுவையான செய்திதான். ஆனால் ஒரு மாபெரும் கட்டிடத்தின் தோற்றத்தை ஒரு கேள்வியாலும் ஒரு தலைவரின் தன்மானத்தாலும் மட்டும் விளக்குவது வரலாற்றெழுத்துக்குப் போதாது. எந்தத் தூண் எந்தத் தேதியில் நீண்டது, எந்தத் தளம் எப்போது கூடியது, குவிமாடம் எந்தத் திருத்தத்தில் வந்து சேர்ந்தது என்னும் வினாக்களுக்குத் திருத்தப்பட்ட வரைபடங்களின் வரிசைதான் விடை தர வல்லது.

அன்றைய அரசியலில் இவ்வினாக்கள் வெறும் கலை வினாக்களாகவும் இருக்கவில்லை. செலவு பெருகியது குறித்துக் கடும் விமர்சனம் எழுந்தது. கட்டுமானம் பற்றி விசாரணையும் நடந்தது. அனுமந்தையா 1956 ஆகஸ்டில் பதவி விலகினார். மொத்தச் செலவு 1.75 கோடி ரூபாய் என்றும் 1.84 கோடி ரூபாய் என்றும் இருவேறு தொகைகள் இன்று குறிப்பிடப்படுகின்றன. கல், மரவேலை, அறைகலன், மின் அமைப்பு, சுற்றுப்புறத் தோட்டம் ஆகியவற்றில் எவை ஒரு தொகைக்குள் அடங்கும், எவை அடங்கா என்பது அறியப்படாமல் எந்தத் தொகையையும் முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது. பொதுப்பணித் துறையின் நடைமுறையில் மதிப்பீடு வரைபடத்தைப் பின்தொடர்வது: படத்திலிருந்து அளவுகள், அளவுகளிலிருந்து பொருள்களின் கணக்கு, கணக்கிலிருந்து தொகை. ஆகவே திருத்தப்பட்ட ஒவ்வொரு படமும் திருத்தப்பட்ட ஒரு செலவுக் கணக்கின் தாய்.

காலச்சூழலையும் மறத்தலாகாது. சண்டிகரில் லெ கொர்பூசியே கான்கிரீட்டில் ஒரு புதிய தலைநகரை வரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள் இவை. மைசூரிலேயே 1939 முதல் 1948 வரை அரசின் கட்டிடக் கலைஞராகப் பணியாற்றியவர், நாஜி ஆட்சியிலிருந்து தப்பி வந்த ஜெர்மானிய நவீனத்துவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். புவனேசுவரத்தின் நகரத் திட்டத்தை வகுத்தவரும் அவரே. நவீனத்துவம் மைசூர் அரசுக்கு அறிமுகமில்லாத ஒன்றன்று. அதை அறிந்த ஓர் அரசு அமைப்பு, சில ஆண்டுகளுக்குள் கல்லையும் போதிகையையும் கொடுங்கையையும் தேர்ந்தது. அந்தத் தேர்வின் படிநிலைகளை அறிவது விடுதலை பெற்ற இந்தியாவின் கலை வரலாற்றுக்கே தேவையான செய்தி.

முகப்பு சொல்வதும் தரைத்தளம் சொல்வதும்

கட்டிட வரைபடம் என்பது ஒரே வகைப்பட்டதன்று. தரைத்தளப் படம் அறைகளின் ஒழுங்கைக் காட்டும். முகப்புப் படம் வெளித்தோற்றத்தைக் காட்டும். வெட்டுமுகப் படம் கட்டிடத்தை மேலிருந்து கீழாகப் பிளந்து, சுவரின் தடிமனையும் தளங்களின் உயரத்தையும் கூரை தாங்கப்படும் முறையையும் காட்டும். நுணுக்கப் படங்கள் ஒரு போதிகையையோ ஒரு சன்னல் விளிம்பையோ பெரிய அளவில், சில வேளைகளில் முழு அளவிலேயே காட்டும். கல்தச்சர் கைக்குச் செல்பவை பெரும்பாலும் இவையே.

விதான சௌதாவின் முகப்பு மட்டும் பார்ப்பவர்க்குத் திராவிடக் கட்டிட மரபு கண்முன் நிற்கும். கிழக்கு வாயிலில் 40 அடி உயரமுள்ள 12 கருங்கல் தூண்கள், போதிகைகள், கொடுங்கைகள், மேலே 60 அடி விட்டமுள்ள குவிமாடம், அதன் உச்சியில் நான்கு சிங்கங்கள். வாயில் நெற்றியில் அரசுப் பணி தெய்வப் பணி என்னும் பொருளுடைய கன்னட வாசகம். தரைத்தளப் படத்தைப் படிப்பவர்க்கோ வேறொரு மரபு தெரியும். நடு அச்சின் இருபுறமும் சமச்சீரான சிறகுகள், முற்றங்களைச் சுற்றிய நீண்ட நடைகள், 200 அடிக்கும் மேற்பட்ட அகலத்தில் 45 படிகளேறிச் சேரும் முன்மண்டபம், அச்சின் மேல் அமர்ந்த குவிமாடம். ஐரோப்பிய நிர்வாக மாளிகைகளிலிருந்து காலனிய இந்தியாவுக்கு வந்த அமைப்பு இது. எதிரிலுள்ள அட்டாரா கச்சேரியும் நடுப்பகுதியும் இருசிறகுகளும் கொண்டதே. தோற்றத்தில் எதிரும் புதிருமான இரு கட்டிடங்கள் தரையமைப்பில் உறவினர்களாகத் தோன்றுவதைப் படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர் மட்டுமே காண முடியும்.

கல் எங்கே பாரம் சுமக்கிறது, எங்கே போர்வையாக மட்டும் நிற்கிறது என்னும் வினா வெட்டுமுகத்துக்கு உரியது. பழுதுபார்க்கும் பொறியாளருக்கு உயிர்நாடியான வினா இது. சுமைதாங்கும் கல்லை அலங்காரக் கல்லெனத் தவறாகக் கருதி அசைப்பதன் விளைவை விவரிக்க வேண்டியதில்லை.

வரைபடமும் பொய்க்கலாம் என்பதற்குத் தில்லியின் ரைசினா குன்று பாடம். எட்வின் லட்யன்ஸும் ஹெர்பர்ட் பேக்கரும் வகுத்த திட்டத்தில், செயலகங்களுக்கிடையே ஏறும் சாலையின் சரிவு அரச பிரதிநிதி மாளிகையின் பெரும்பகுதியைக் கீழிருந்து வருவோர் பார்வையிலிருந்து மறைத்துவிட்டது. அத்திட்டத்துக்கு லட்யன்ஸ் தாமே இசைந்திருந்தார். தொலைநோக்குத் தோற்றமாகத் தீட்டப்பட்ட படத்தில் மாளிகை முழுமையாகத் தெரிந்தது. சாலையில் நடந்து வருபவரின் கண்மட்டத்திலிருந்து அது தீட்டப்படவில்லை. நண்பர்களிடையே நீண்ட பகை மூண்டது. காட்சிக்காகத் தீட்டும் படத்துக்கும் அளவிட்டு வரையும் படத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வாளர் அறிந்திருத்தல் வேண்டும். முன்னது இசைய வைப்பதற்கு, பின்னது கட்டுவதற்கு.

இன்னொரு வேறுபாடும் கருதத்தக்கது. ஒப்புதல் பெற்ற படம் வேறு. கட்டி முடித்தபின் உள்ளவாறே அளந்து வரையும் படம் வேறு. கல் கிடைக்காமை, தொகை குறைதல், ஆட்சி மாற்றம் ஆகியன இவ்விரண்டுக்கும் இடையே புகுந்து கட்டிடத்தை மாற்றுகின்றன. 2005இல் விதான சௌதாவை அடுத்து எழுந்த விகாச சௌதா மூலக்கட்டிடத்தின் முகத்தைப் போலச் செய்தது. முகம் ஒத்திருப்பதால் உள்ளமைப்பும் ஒத்திருக்கும் எனக் கொள்ளலாகாது. இரண்டின் வெட்டுமுகங்களையும் ஒப்பிட்டால், அரை நூற்றாண்டு இடைவெளியில் கட்டுமான முறை எவ்வாறு மாறியது என்பது ஒரு மாணவரின் ஆய்வேட்டுக்கே பொருளாகும்.

துணி, நீலம், அம்மோனியா

இத்தகைய சான்றுகள் எந்தப் பொருளின் மேல் நிற்கின்றன? கணினிக்கு முற்பட்ட காலத்தில் மூலப் படம் பெரும்பாலும் கஞ்சி ஏற்றி மெருகிட்ட மெல்லிய துணியில் மையால் படியெடுக்கப்பட்டது. அதன் ஊடே ஒளி செல்லும். அதை வேதிப்பொருள் தடவிய தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் நீலப் பின்னணியில் வெண்கோடுகளாகப் படிகள் கிடைக்கும். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்ட முறை இது. இருபதாம் நூற்றாண்டில் அம்மோனியா ஆவியில் உருவாகும் படிகள் நீலப்படிகளின் இடத்தைப் பிடித்தன.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பகை உண்டு. மூலத்துணி நீருக்கு அஞ்சும். ஒரு துளி நீரும் கஞ்சியைக் கரைத்துச் சுருக்கும். நீலப்படி ஒளியில் வெளிறும். இருளில் வைத்தால் ஓரளவு மீளவும் கூடும். காரத்தன்மையுள்ள உறையில் அதை வைத்தால் நீலம் சிதையும். ஆகவே பிற ஆவணங்களுக்கு நன்மை செய்யும் காரமூட்டிய காகித உறையே இதற்குத் தீங்காகிறது. அம்மோனியாப் படியோ நாளடைவில் பழுத்து மங்குவதோடு, தன்னருகில் உள்ள படிகளையும் கறைப்படுத்தும். மூன்று வகைகளையும் ஒரே சுருளாகக் கட்டி அலமாரி மேல் வைக்கும் நம் அலுவலக வழக்கம் மூன்றையுமே அழிக்கப் போதுமானது.

மின்னுருவாக்கம் தேவை, அது மட்டும் போதாது. வருடியெடுக்கும்போது அளவுகோலும் தாளின் முழு விளிம்பும் பின்புறக் குறிப்புகளும் சேர்ந்து பதிவாகாவிடில், படத்திலிருந்து மீண்டும் அளக்க இயலாது. அழகிய முகப்புப் படம் ஒன்றை மட்டும் தொகுதியிலிருந்து பிரித்தெடுத்துக் காட்சிக்கு வைப்பதும் தீங்கே. வரைபடங்கள் ஒன்றையொன்று எண்ணால் சுட்டுபவை. தொகுதி கலைந்தால் மீதமுள்ள படங்கள் ஊமையாகிவிடும்.

காப்பகம், சட்டம், காவல்

கர்நாடக அரசு ஆவணக் காப்பகம் நெடுங்காலமாக இயங்கி வருவது விதான சௌதாவின் தரைத்தளத்திலேயே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அரசுகளின் தாள்களைக் காக்கும் கட்டிடமே தன்னைப் பற்றிய தாள்களின் முறையான பட்டியலையும் வேண்டி நிற்கிறது. பொது ஆவணங்களுக்கென 1993ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் உண்டு. கர்நாடகத்துக்கும் தனிச்சட்டம் உண்டு. கோப்புகளைக் காப்பகத்துக்கு அனுப்பும் பழக்கம் செயலகத் துறைகளில் ஓரளவு வேரூன்றியது. பொறியியல் கோட்டங்களில் உள்ள வரைபடங்களையும் அளவைப் புத்தகங்களையும் ஆவணமாகக் கருதும் பழக்கமே இன்னும் வேரூன்ற வேண்டியது.

சட்டமன்றக் கட்டிடத்தின் படங்களை வெளியிடுவது பாதுகாப்புக்குக் கேடல்லவா என்னும் தடையை எளிதாகத் தள்ளிவிட இயலாது. அது நியாயமான அச்சமே. தகவல் உரிமைச் சட்டம் 2005இன் எட்டாம் பிரிவு, இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்வுகள் பற்றிய தகவலைப் பொதுவாகத் திறந்துவிடும்போதும், நாட்டின் பாதுகாப்பு சார்ந்த விலக்கை நீக்கவில்லை. எனினும் பாதுகாப்பு என்பது தொகுதி முழுவதையும் மூடுவதற்கான ஒரே சாவியாகிவிடக் கூடாது. மின்னிணைப்பு, காவல் வழிகள், நிலவறை அமைப்பு ஆகியவற்றைக் காட்டும் படங்களை மூடி வைக்கலாம். 1952இல் கைவிடப்பட்ட ஒரு முகப்பையோ, ஒரு போதிகையின் முழு அளவுப் படத்தையோ மூடி வைப்பதால் எவருக்கும் காவல் இல்லை. எவை திறந்தவை, எவை மூடியவை என்னும் பட்டியலாவது வெளியிடப்பட்டால், மூடியவையும் இருப்பதாக அறியப்படும். அறியப்பட்டவை எளிதில் தொலைவதில்லை.

புகழ்பெற்ற கட்டிடத்துக்கு ஆதரவு கிடைக்கும். சிறு கட்டிடங்களின் நிலை வேறு. பெங்களூர் நகர மாவட்டத்தின் தென்கோடித் தாலுகாவான ஆனேக்கல்லை எடுத்துக்கொள்ளலாம். அதன் எல்லையை ஒட்டியது தமிழ்நாட்டின் ஓசூர். விடுதலைக்கு முன் ஆனேக்கல் மைசூர் நாட்டில் இருந்தது. ஓசூர் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. அருகருகே அமைந்த இவ்விரு ஊர்களின் அரசுக் கட்டிடங்களும் இருவேறு பொதுப்பணித் துறைகளின் கைவேலை. ஓசூரின் பழந்தாள்களைத் தேடுபவர் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் செல்வார். ஆனேக்கல்லின் தாள்களைத் தேடுபவர் பெங்களூருக்கும் மைசூருக்கும் செல்வார். ஆணையர் ஆட்சிக் காலமெனில் தில்லிக்கும் லண்டனுக்கும் கூடச் செல்ல நேரலாம். ஒரே கல், ஒத்த மழை, ஒத்த வெயில், இருபுறமும் கலந்து வாழும் தமிழ், கன்னட, தெலுங்கு மக்கள். அவர்களுக்கு இரு அரசுகள் தாலுகா அலுவலகத்தையும் மருத்துவமனையையும் பள்ளியையும் எவ்வாறு வேறுபட்டோ ஒன்றுபட்டோ வரைந்தன என்பதை ஒப்பிடும் ஆய்வுக்கு இவ்வெல்லையை விடப் பொருத்தமான களம் அரிது.

இத்தகைய சிற்றூர்க் கட்டிடங்கள் பெரும்பாலும் மாதிரிப் படங்களைக் கொண்டு எழுந்தவை. தலைமையகத்தில் ஒருமுறை வரையப்பட்ட படம் பல தாலுகாக்களுக்குப் பொருத்தப்பட்டது. உள்ளூர்ப் பொறியாளர் அதில் திண்ணையொன்றைக் கூட்டினார், சன்னலொன்றைத் திருப்பினார். அரசுக்கும் ஊருக்கும் இடையே நிகழ்ந்த அந்தச் சிறு திருத்தங்கள் எந்தப் புகைப்படத்திலும் இல்லை. கட்டிடம் இடிக்கப்படும் நாளில் அவை முற்றிலும் மறையும், படம் எஞ்சினாலொழிய.

விதான சௌதாவின் கட்டுமானத்தில் 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளரும், 1,500 அளவிலான கல்தச்சரும் கொத்தரும் மரச்சிற்பியரும் உழைத்ததாகக் கூறப்படுகிறது. அவர்களுள் சிறைக்கைதிகளும் பலர். அவர்கள் பெயர்கள் வரைபடங்களில் இரா. ஆயினும் நுணுக்கப் படத்தில் வரையப்பட்ட கொடுங்கையையும், கல்லில் உள்ள கொடுங்கையையும் ஒப்பிட்டு நோக்கினால், கோட்டுக்கும் கல்லுக்கும் இடையே அக்கைகள் தாமாகச் செய்த முடிவுகளைக் காணலாம். அனுமந்தையாவின் உறுதியும் மாணிக்கத்தின் திறமும் போலவே அம்முடிவுகளும் அக்கட்டிடத்தின் வரலாறு.

ஆகவே கட்டிடக் கலை, வரலாறு, பொறியியல் ஆகிய துறைகளின் மாணவர்க்கு முன்னுள்ள பணி தெளிவானது. பொதுப்பணித் துறைக் கோட்டங்களில் எஞ்சியுள்ள படங்களை எண், தேதி, அளவுவிகிதம், ஒப்பம், பொருள்வகை ஆகியவற்றோடு பட்டியலிடுதல். தொகுதியைக் கலைக்காமல் பதிவுசெய்தல். நிற்கும் கட்டிடத்தை நேரில் அளந்து படத்தோடு ஒப்பிடுதல். பெருஞ்செலவு வேண்டாத பணி இது. தொடங்குவதற்கு ஆனேக்கல்லில் ஒரு பழைய அரசுக் கட்டிடமும் ஓர் அளவுநாடாவும் போதும்; நாடாவில் அடிப்பக்கம் எது, மீட்டர்ப்பக்கம் எது என்பதை மட்டும் முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.